மெத்தனாலை இலேசான ஒலிஃபின்களாக்கும் சியோலைட் வினையூக்கியை மேம்படுத்துவது எப்படி

மெத்தனாலை எத்திலீன், புரோப்பிலீன் என்னும் இலேசான ஒலிஃபின்களாக மாற்றும் வினையூக்கி சாப்போ-34; அதன் படிகத்திலுள்ள ஒரு கூண்டை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் அளவுள்ள அந்தக் கூண்டுக்கு, எட்டு ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ்ந்த, 0.38 நானோமீட்டர் அகலமே கொண்ட வாயில்கள்தாம் உண்டு. உள்ளேயோ, ஐந்தாறு மெத்தில் தொகுதிகளைச் சுமந்த பென்சீன் வளையம் ஒன்று குடியிருக்கிறது. அது அங்கேயே உருவானது; வாயிலைவிடப் பெரியது என்பதால் வெளியேற வழியில்லை. உள்ளே வரும் மெத்தனால் அந்த வளையத்தின்மேல் மெத்தில் தொகுதியாக ஏறுகிறது. வளையம் எத்திலீனையோ புரோப்பிலீனையோ கழற்றி விடுகிறது. பிறகு அடுத்த மெத்தனாலை ஏற்கிறது. 1990களில் ஆய்வாளர்கள் டாலும் கோல்போவும் 'ஹைட்ரோகார்பன் குளம்' என்று முன்வைத்த கருத்தின் சாரம் இதுதான். அமில மையமும் கூண்டில் சிக்கிய அந்த வளையமும் சேர்ந்தே வினையூக்கியாகின்றன. அந்த வளையம் இரண்டாகி, மூன்றாகி, பல்வளையமாகத் திரண்டு கரியாகும்போது கூண்டு அடைபட்டுப் போகிறது.

இந்த வினையூக்கியை மேம்படுத்த விரும்புகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதையே. சிலிக்கானின் அளவு, படிகத்தின் பருமன், ஊட்டத்தில், அதாவது உள்ளே செலுத்தும் மெத்தனாலில், கலக்கும் நீராவி, கரியை எரிக்கும் முறை என்று நாம் எதை மாற்றினாலும், மாற்றுவது அந்த வளையம் எவ்வளவு விரைவில் உருவாகிறது, எவ்வளவு காலம் பயன்தரும் நிலையில் இருக்கிறது, எப்போது கரியாகிறது என்பதைத்தான். 'வினைத்திறனைக் கூட்டுகிறேன்' என்று தொடங்கும் பெரும்பாலான முயற்சிகள் தோற்பதற்குக் காரணம், சாப்போ-34-க்கு வினைத்திறன் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருப்பதுதான். அதற்குக் குறைவாக இருப்பது ஆயுள்.

சொல்லைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. சியோலைட் என்பது கண்டிப்பான பொருளில் அலுமினியமும் சிலிக்கானும் ஆக்ஸிஜனும் சேர்ந்த சட்டகம். சாப்போ-34 அலுமினியம், பாஸ்பரஸ், சிலிக்கான் மூன்றும் கொண்ட சட்டகம் என்பதால் அதைச் சியோலைட்டின் ஒன்றுவிட்ட உறவு எனலாம். ஆனால் சபாசைட் என்னும் இயற்கைச் சியோலைட்டின் அதே கூண்டமைப்பு அதற்கு இருப்பதாலும், துறையில் எல்லோரும் அப்படியே வழங்குவதாலும், இங்கும் இரண்டையும் சியோலைட் என்றே சொல்கிறேன். எத்திலீனும் புரோப்பிலீனும் சேர்ந்து வேண்டுமெனில் சாப்போ-34. புரோப்பிலீனே முதன்மையாக வேண்டுமெனில், அகன்ற துளைகள் கொண்ட இசட்எஸ்எம்-5. இந்தத் தேர்வைச் செய்துவிட்டுத்தான் மேற்கொண்டு நகர வேண்டும்.

அளவிடும் முறையை முதலில் சரிசெய்தல்

புதிய வினையூக்கியைச் செய்வதற்கு முன், கையிலுள்ள பழையதை ஒழுங்காக அளக்கக் கற்றுக்கொள்வது நல்லது. ஆய்வகத்தில் வழக்கமாகக் குவார்ட்ஸ் குழாயில் அரை கிராம் அளவு வினையூக்கியை வைத்து, 450 டிகிரி செல்சியஸில், ஒரு கிராம் வினையூக்கிக்கு மணிக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் மெத்தனால் என்ற வேகத்தில் ஆவியைச் செலுத்துவார்கள். முதல் மணி நேரத்தில் மாற்ற வீதம், அதாவது செலுத்திய மெத்தனாலில் மாறிய பங்கு, 100 சதவீதம் என்று வாயுப் பகுப்பாய்வி காட்டும். இந்த 100 சதவீதம் மிகவும் ஏமாற்றக்கூடியது. குழாயில் நிரப்பிய வினையூக்கிப் படுகையின் மேல் கால்பகுதியே எல்லா மெத்தனாலையும் தீர்த்துவிட்டாலும் 100. முழுப் படுகையும் மூச்சு வாங்க உழைத்தாலும் 100. இரண்டு வினையூக்கிகளும் 100 காட்டும்போது எது மேல் என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. ஆகவே ஓட்ட வேகத்தைக் கூட்டி, மாற்ற வீதத்தை 100-க்குக் கீழே இறக்கி, இரண்டு வினையூக்கிகளையும் ஒரே மாற்ற வீதத்தில் வைத்துத் தேர்வுத்திறனை, அதாவது விளைபொருளில் நாம் விரும்பும் ஒலிஃபின்களின் பங்கை, ஒப்பிட வேண்டும். ஆயுளையும் மணிக்கணக்கில் சொல்வதைவிட, செயலிழக்கும் வரை ஒரு கிராம் வினையூக்கி எத்தனை கிராம் மெத்தனாலை மாற்றியது என்று சொல்வதே நேர்மையானது. ஓட்ட வேகம் மாறினாலும் அந்த எண்ணை ஒப்பிட முடியும்.

கணக்கில் டைமெத்தில் ஈதரை எங்கே சேர்ப்பது என்பதும் முக்கியம். இரண்டு மெத்தனால் மூலக்கூறுகள் நீரை இழந்து இந்த ஈதராவது மிக எளிதில் நடக்கும் முதல் படி. ஈதரும் பின்னர் ஒலிஃபினாக மாறக்கூடியதே. எனவே அதை விளைபொருளாக எண்ணாமல், மாறாத மூலப்பொருளாகவே எண்ண வேண்டும். வெளிவரும் வாயுவில் ஈதர் தலைகாட்டும் நேரமே வினையூக்கி களைத்துப்போனதன் முதல் அறிகுறி. விளைச்சலைக் கார்பன் அடிப்படையில் சொல்லுங்கள். 32 கிராம் மெத்தனாலில் 18 கிராம் நீராகப் போய்விடுகிறது. ஒலிஃபினாகக்கூடியது 14 கிராம்தான். அதாவது ஒரு டன் ஒலிஃபினுக்கு, ஒரு துளியும் வீணாகாவிட்டாலும், 2.29 டன் மெத்தனால் வேண்டும். சீனாவின் பாவ்தோவில் 2010-இல் இயங்கத் தொடங்கிய முதல் பெரிய ஆலை ஆண்டுக்கு 18 லட்சம் டன் மெத்தனாலிலிருந்து 6 லட்சம் டன் ஒலிஃபின் எடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. டன்னுக்கு மூன்று டன். அந்த மூன்றுக்கும் 2.29-க்கும் இடையிலுள்ள தூரமே நாம் உழைப்பதற்கான இடம்.

வினை வெப்பம் உமிழ்வது. அதனால் வெப்பமானியின் முனை உலையின் சுவரில் இல்லாமல், படுகைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். வினையூக்கித் தூளை அழுத்தி வில்லையாக்கி, உடைத்து, சல்லடையில் 250 முதல் 425 மைக்ரோமீட்டர் துகள்களைப் பிரித்தெடுத்து, சிலிக்கான் கார்பைடுத் துகள்களோடு கலந்து நிரப்பினால் சூடு ஓரிடத்தில் தேங்காது. இதைச் செய்யாமல் எடுத்த தரவில், வினையூக்கி மாறியதால் வந்த வேறுபாடு எது, சூடு மாறியதால் வந்த வேறுபாடு எது என்று பிரித்தறிய முடியாது.

சோதனை முடிந்ததும் குழாயைக் கவிழ்த்துக் கொட்டிவிடாதீர்கள். நைட்ரஜன் ஓட்டத்தில் ஆறவிட்டு, குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இசட்எஸ்எம்-5 என்றால், பாதி ஓட்டத்தில் நிறுத்திய படுகையின் மேற்பகுதி கருத்தும், கீழ்ப்பகுதி சாம்பல் நிறமாகவும், இரண்டுக்கும் இடையே தெளிவான கோடு ஒன்றும் தெரியும். புகையும் சுருட்டில் நெருப்பு நகர்வதைப்போல அந்தக் கோடு நேரம் செல்லச் செல்லக் கீழிறங்குகிறது. படுகையை நான்கு பகுதிகளாக மெல்லச் சரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே காற்றில் சூடாக்கி எடைக்குறைவை அளந்தால், கரி எங்கே எவ்வளவு படிந்தது என்பது கிடைக்கும். நான்கிலும் கரி ஏறத்தாழச் சமம் என்றால், வினையூக்கி முழுதும் பயன்பட்டிருக்கிறது. வேகத்தைக் கூட்டவோ, படிகத்தை மாற்றவோ வேண்டும். மேலே மட்டும் கரி மிகுந்திருந்தால், அங்கே நேரடியாக மெத்தனாலோடு மோதும் அமில மையங்கள் அளவுக்கு மிஞ்சியிருக்கின்றன என்று ஐயப்படலாம்.

கூண்டுக்கு ஒரு சிலிக்கான்

சாப்போ-34-இல் அமிலத்தன்மையைத் தருவது சிலிக்கான். பாஸ்பரஸின் இடத்தில் ஒரு சிலிக்கான் அமர்ந்தால், மின்சுமையை ஈடுகட்ட ஒரு புரோட்டான் வந்து சேர்கிறது. அதுவே அமில மையம். சபாசைட் அமைப்பில் ஒவ்வொரு கூண்டுக்கும் 12 நான்முக அணுக்கள் (நான்கு ஆக்ஸிஜன்களோடு பிணைந்த சட்டக அணுக்கள்) என்பது கணக்கு. ஆகவே அவற்றில் ஒன்று சிலிக்கானாக இருந்தால், அதாவது சிலிக்கானின் பங்கு 0.083 என்றால், சராசரியாகக் கூண்டுக்கு ஓர் அமில மையம். இதற்கு மேல் போனால் ஒரே கூண்டுக்குள் இரண்டு மூன்று மையங்கள் நெருங்கி, ஒலிஃபின்கள் ஹைட்ரஜனைக் கைமாற்றிக்கொண்டு ஒருபுறம் புரோப்பேனாகவும் மறுபுறம் கரியாகவும் பிரிகின்றன. வெளிவரும் வாயுவில் புரோப்பேன் மிகுந்தால் அமில மையங்கள் மிகுந்துவிட்டன என்று கொள்ளலாம்; எனக்கு இதைவிட நம்பகமான எளிய அறிகுறி தெரியாது. அதே கூண்டமைப்பைக் கொண்ட எஸ்எஸ்இசட்-13 அலுமினோசிலிகேட் சட்டகம் என்பதால் அதன் அமிலம் வலிமை மிக்கது. அது புரோப்பேனை அதிகம் தந்து விரைவில் அடைபடுவதும் இந்தக் காரணத்தால்தான்.

சிலிக்கானைக் குறைப்பதற்கு நேர்வழி, படிகம் விளையும் மூலக்கலவையான கூழைத் தயாரிக்கும்போதே குறைப்பது. அலுமினியம் ஆக்ஸைடு ஒரு பங்கு, பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு ஒரு பங்கு, சிலிக்கா 0.3 முதல் 0.4 பங்கு, டெட்ராஎத்தில் அம்மோனியம் ஹைட்ராக்ஸைடு இரண்டு பங்கு, நீர் 60 முதல் 70 பங்கு என்ற மோல் விகிதம் நல்ல தொடக்கம். 0.4 பங்கு சிலிக்கா என்றால் கூழில் சிலிக்கானின் பங்கு 0.09. அலுமினிய மூலமான சூடோபோமைட்டை நீரில் நன்கு கலக்கி, 85 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கட்டியில்லாத வெண்கூழாகும் வரை கலக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் கரையாத அலுமினா உருண்டைகள் கடைசி வரை கூடவே வரும். பிறகு சிலிக்காக் கரைசல், அதன்பின், சட்டகம் தன்னைச் சுற்றி வளர வழிகாட்டும் வார்ப்புருவான டெட்ராஎத்தில் அம்மோனியம் ஹைட்ராக்ஸைடு. டெஃப்லான் உறையிட்ட ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில் 200 டிகிரியில், சுழலவிட்டபடி, 24 முதல் 48 மணி நேரம் வைக்கலாம். கூழில் போட்ட சிலிக்கான் அப்படியே படிகத்துக்குள் போகும் என்று நம்ப வேண்டாம். விளைந்த படிகத்தைத் தனியே பகுப்பாய்வு செய்த எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்.

வார்ப்புருவைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மார்போலின், டைஎத்தில் அமீன், ட்ரைஎத்தில் அமீன் ஆகியவை மலிவானவை. ஆனால் பொதுவாகப் பெரிய படிகங்களையும், சிலிக்கான் மிகுந்த சட்டகத்தையும் தருகின்றன. டெட்ராஎத்தில் அம்மோனியம் விலை கூடியது. சிறிய படிகங்களைத் தரும். இரண்டையும் கலந்து பயன்படுத்துவது நடைமுறையில் நல்ல சமரசம்.

படிகம் வந்ததும் எக்ஸ்-கதிர்ச் சிதறல் படத்தில் 9.5, 20.5 டிகிரி உச்சங்களைக் கண்டு மகிழ்வதற்கு முன், 7.4 டிகிரியைப் பாருங்கள். அங்கே சிறு உச்சம் எழுந்திருந்தால் சாப்போ-5 என்னும் வேறொரு சட்டகம் கலந்திருக்கிறது. அதன் அகன்ற துளைகளில் நறுமண மூலக்கூறுகள் தாராளமாக வளரும். வார்ப்புரு குறைந்தபோதோ, சூடேற்றம் மெதுவாக இருந்தபோதோ இது தோன்றுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சில சதவீதம்தானே என்று விட்டுவிட்டு, பின்னர் கரி ஏன் மிகுகிறது என்று மாதக்கணக்கில் தேடுவதைவிட, அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்வதே மேல்.

சிலிக்கானின் அளவு சரியாக இருந்தும் ஆயுள் குறைந்தால், அது எங்கே அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். திடநிலைச் சிலிக்கான் அணுக்காந்த ஒத்ததிர்வில் மைனஸ் 91 பிபிஎம் அளவில் ஒற்றை உச்சம் வந்தால் சிலிக்கான்கள் தனித்தனியே பரவியுள்ளன. மைனஸ் 95 முதல் மைனஸ் 110 வரை தோள்கள் எழுந்தால் அவை தீவுகளாகத் திரண்டுள்ளன. அந்தத் தீவுகளின் விளிம்புகளிலுள்ள அமிலம் வலிமை மிகுந்தது, கரியை விரைவாகச் சேர்ப்பது. அமீன்களைக் கொண்டு செய்த படிகங்களில் சிலிக்கான் வெளிப்புறத்தில் செறிவதும் வழக்கம். வளர்ச்சி முற்றுவதற்கு முன்பே ஆட்டோகிளேவை நிறுத்திக் குளிர்விப்பது சிலவேளை போதுமான தீர்வாக இருக்கும்.

வழியைச் சுருக்குதல்

ஒரு மூலக்கூறு படிகத்தை விட்டு வெளியேற ஆகும் நேரம், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். படிகத்தின் பருமனைப் பாதியாக்கினால் அந்த நேரம் கால்பங்காகிறது. புரோப்பிலீன் உள்ளே தங்கும் நேரம் குறைந்தால் அது மீண்டும் வினையில் சிக்கிப் பெரிதாவதும் குறைகிறது. பல மைக்ரோமீட்டர் கனசதுரப் படிகங்களில் வெளி ஓடு மட்டும் கரியால் அடைபட்டு, நடுப்பகுதி பயன்படாமலே போய்விடும். சில நூறு நானோமீட்டர் படிகங்களில் அந்த வீணடிப்பு பெரும்பாலும் நீங்குகிறது. முன்பே விளைந்த சாப்போ-34-ஐ நன்கு அரைத்து, ஐந்து சதவீத எடையளவு விதையாகக் கூழில் சேர்ப்பதே பருமனைக் குறைக்க நான் முதலில் பரிந்துரைக்கும் வழி. மிக நுண்ணிய படிகங்கள் வடிகட்டியில் நில்லாமல் பால்போல ஓடிவிடும் என்பதால், மையவிலக்கியைக் கொண்டு பிரிக்கத் தயாராக இருங்கள்.

படிகத்தைச் சிறிதாக்குவதற்குப் பதில், அதற்குள் நுண்துளைகளைவிட அகன்ற இடைத்துளைகளைக் குடைவதும் உண்டு. இதில் மெருகான நுண்ணோக்கிப் படங்கள் கிடைத்தாலும், நுண்துளைக் கொள்ளளவு குறைந்திருந்தால் இழப்பே மிச்சம். நைட்ரஜன் உறிஞ்சல் அளவீட்டில் நல்ல சாப்போ-34 கிராமுக்கு 0.25 கன சென்டிமீட்டருக்கு மேல் நுண்துளை காட்டும். குடைந்த பின்னும் அது அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மகிழ வேண்டும். சாப்போ-34-ஐச் சோடியம் ஹைட்ராக்ஸைடில் போட்டால் சட்டகமே கரைந்துவிடும்; அது இசட்எஸ்எம்-5-க்கான வைத்தியம்.

புரோப்பிலீனுக்கு இசட்எஸ்எம்-5

இசட்எஸ்எம்-5-இல் கூண்டுகள் இல்லை, 0.55 நானோமீட்டர் அளவிலான, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் கால்வாய்கள்தாம் உள்ளன. அங்கே இரண்டு சுழற்சிகள் ஒருங்கே நடக்கின்றன. நறுமண வளையங்களின் சுழற்சி எத்திலீனைத் தருகிறது. ஒலிஃபின்களே மெத்தில் ஏறி நீண்டு, பிறகு உடையும் சுழற்சி புரோப்பிலீனையும் பியூட்டீனையும் தருகிறது. 2006-இல் ஆய்வாளர்கள் ஸ்வெல்லே, பியோர்கன், ஊல்ஸ்பியே முதலியோர் இதைத் தெளிவாகக் காட்டினர். புரோப்பிலீன் வேண்டுமெனில் முதல் சுழற்சியைப் பசியில் வைத்து, இரண்டாவதை ஊட்ட வேண்டும். அலுமினியத்தைக் குறைத்து, சிலிக்கான்–அலுமினிய விகிதத்தை நூறுக்கு மேல், சில நூறு வரை கொண்டுபோவதே அதற்கான வழி. வெளிவரும் பியூட்டீனையும் அதைவிடக் கனமான ஒலிஃபின்களையும் மீண்டும் ஊட்டத்தோடு சேர்ப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

காரத்தால் துளையிடுவதென்றால், விகிதம் 25 முதல் 50 வரையுள்ள படிகங்களுக்கு 0.2 மோலார் சோடியம் ஹைட்ராக்ஸைடு, 65 டிகிரி, 30 நிமிடம் என்பது நன்கு நிலைபெற்ற செய்முறை. நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்து, முடிந்ததும் பனிக்கட்டி நீரில் குடுவையை இறக்க வேண்டும். விகிதம் அதற்கு மேல் உள்ள படிகங்களில் காப்பதற்கு அலுமினியம் போதாததால் கரைவு கட்டுக்கடங்காது. அப்போது டெட்ராபுரோப்பைல் அம்மோனியம் ஹைட்ராக்ஸைடைச் சேர்த்து வேகத்தை மட்டுப்படுத்துவார்கள். எதைச் செய்தாலும், பின்னர் அம்மோனியம் நைட்ரேட் கரைசலில் 80 டிகிரியில் மூன்று முறை கழுவிச் சோடியத்தை வெளியேற்றி, 550 டிகிரியில் சுட்டெடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் சோடியம் ஒவ்வொன்றும் ஓர் அமில மையத்தை மூடிவிடும்.

சிறிதளவு பாஸ்பாரிக் அமிலத்தை ஊறவைத்து உலர்த்துவது, சட்டகத்து அலுமினியம் நீராவியில் கழன்று போவதைத் தடுக்கிறது. வினையில் பாதிக்கு மேல் நீரே விளைகிறது என்பதை எண்ணினால் இதன் அருமை புரியும். கால்சியமும் புரோப்பிலீனுக்கு உதவுகிறது. துத்தநாகத்தைத் தொடாதீர்கள், அது நறுமணப் பொருள்களை விளைவிக்க ஏற்றது, நமக்கு வேண்டியதற்கு எதிரானது. உலோகங்களைப் பற்றிய என் பொதுவான கருத்து, அவை கடைசியில் முயல வேண்டியவை என்பதே. அமில அடர்த்தியும் படிகப் பருமனும் சரியாகாத வினையூக்கியில் சேர்த்த உலோகம், இருக்கும் குழப்பத்தை மறைக்கவே செய்யும்.

ஊட்டமும் கரியும்

வினையூக்கியைத் தொடாமலே ஆயுளைக் கூட்டவும் இடமுண்டு. மெத்தனால் ஹைட்ரஜனை இழந்து ஃபார்மால்டிஹைடாகிறது. அது ஒலிஃபின்களோடு சேர்ந்து, இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட டையீன்களையும், அவற்றின்வழி பல்வளையக் கரியையும் விளைவிக்கிறது. மெத்தனாலின் பகுதியழுத்தம் எங்கே உயர்கிறதோ அங்கே இது மிகும். மெத்தனாலோடு நீரைக் கலப்பது அழுத்தத்தைத் தணிப்பதோடு, அமில மையங்களில் போட்டியிட்டு அமர்ந்து கரியைத் தாமதப்படுத்துகிறது. அழுத்தம் மிகுந்த ஹைட்ரஜனைச் சேர்த்து ஊட்டினால் சாப்போ-34-இன் ஆயுள் பல மடங்கு நீள்வதை அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர் பானின் குழுவினர் காட்டியுள்ளனர். கரிக்கு மூலமான டையீன்கள் அங்கே ஹைட்ரஜனேற்றம் பெற்று அடங்கிவிடுகின்றன.

கரியைப் பகையாக மட்டும் கருதுவதும் தவறு. புதிதாகச் சுட்டெடுத்த சாப்போ-34 தொடக்கத்தில் எத்திலீனைக் குறைவாகவே தரும். கரி சற்றுப் படிந்து கூண்டு நெருங்கிய பிறகு எத்திலீனின் பங்கு ஏறுகிறது. ஆகவே, வாயுவோட்டத்தில் துகள்கள் மிதந்து சுழலும் பாய்மப்படுகை ஆலைகளில், கரியை எரிக்கும் மீளுயிர்ப்பு உலையிலிருந்து திரும்பும் துகள்களில் கொஞ்சம் கரியை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். காற்றுக்குப் பதில் நீராவியைக் கொண்டு பல்வளையக் கரியை உடைத்து, பயன்தரும் நாப்தலீன் வளையங்களாக மீட்பதும் இதன் அடுத்த படி. ஆய்வகத்தில் காற்றால் எரிப்பதென்றால், நைட்ரஜனில் சில சதவீத ஆக்ஸிஜனோடு தொடங்கி, 550 டிகிரிக்கு மெல்ல ஏற்றுங்கள். முழுக் காற்றை நேரே விட்டால் துகளுக்குள் எழும் சூடும் நீராவியும் சேர்ந்து சட்டகத்தைச் சிதைக்கும். ஒரே ஓட்டத்தில் கிடைத்த ஆயுளை நம்பி முடிவெடுக்காமல், குறைந்தது ஐந்து முறை எரித்து ஓட்டிய பிறகே வினையூக்கியை மதிப்பிட வேண்டும்.

பாதுகாத்தல்

சாப்போ-34-க்கு 600 டிகிரி நீராவியைத் தாங்கும் வலிமை உண்டு. ஆனால் அறைச் சூட்டில் காற்றிலுள்ள ஈரத்தை அது தாங்காது. வார்ப்புருவை எரித்து நீக்கிய பின், திறந்த துளைகளில் ஈரம் புகுந்து சிலிக்கான், அலுமினியம், பாஸ்பரஸ் பிணைப்புகளை மெல்ல நீராற்பகுக்கிறது. ஒருமுறை சுட்டெடுத்த தொகுதியொன்றைத் தளர்ந்த மூடியிட்ட புட்டியில் மழைக்காலம் முழுவதும் அலமாரியில் விட்டிருந்தேன்; பார்ப்பதற்கு அதே வெண்தூள், எடையும் குறையவில்லை, ஆனால் எக்ஸ்-கதிர் உச்சங்கள் தணிந்து, ஆயுள் பாதிக்கும் கீழே போயிருந்தது. அதன்பின், வார்ப்புரு உள்ளேயே இருக்கும்படி படிகத்தைச் சேமித்து, சோதனைக்கு முந்தைய நாள் தேவையான அளவை மட்டும் 550 முதல் 600 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் சுட்டெடுப்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன். சுட்டெடுத்தது மிஞ்சினால், 100 டிகிரிக்குக் கீழே ஆறவிடாமல் உலர்ந்த நைட்ரஜனில் வைத்து அடைத்து, புட்டியின்மேல் சுட்டெடுத்த தேதியை எழுதிவையுங்கள்; அடுத்த முறை பயன்படுத்துமுன் 9.5 டிகிரி உச்சத்தின் உயரத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குழாயில் நிரப்புங்கள்.